வேட்பாளரின் சொந்தப் பணம்: வேலூரில் எங்கே செல்லும், எங்கே செல்லாது

2019 ஏப்ரல் 18. தமிழகம் முழுவதும் மக்களவைத் தேர்தல் நடந்தது. ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் வாக்குச்சாவடிக்குப் போனவர்கள் விரலில் மை வைத்துக்கொண்டு சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு மட்டும் வாக்களித்துவிட்டுத் திரும்பினார்கள். எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கும் இயந்திரம் அங்கே வைக்கப்படவே இல்லை. இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 16 அன்று, தேர்தல் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று வேலூர் மக்களவைத் தேர்தலைக் குடியரசுத் தலைவர் ரத்து செய்திருந்தார். வாக்காளர்களுக்குக் கொடுப்பதற்கான பணம் சிக்கியதால் ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது நாட்டில் அதுவே முதல் முறை.

அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் 2016-லும், ஆர்.கே. நகரில் 2017-லும் நாம் பார்த்ததுதான். ஆனால் அவை சட்டமன்றத் தொகுதிகள். வேலூரில் சுமார் 14.3 லட்சம் வாக்காளர்கள் ஒரே நாளில் தங்கள் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை இழந்தார்கள். ஒரே சாவடியில், ஒரே வாக்காளரிடம், எம்.எல்.ஏ. தேர்தல் செல்லும், எம்.பி. தேர்தல் செல்லாது என்று சொல்லப்பட்ட அந்த நாளை இந்தத் தோல் தொழில் வட்டாரத்தின் பட்டறைத் தொழிலாளர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

நடந்தது இதுதான். தி.மு.க.வின் அப்போதைய பொருளாளர் துரைமுருகனின் மகன் கதிர் ஆனந்த் அக்கட்சியின் வேட்பாளர். மார்ச் மாத இறுதியில் காட்பாடியில் உள்ள அவர்கள் வீட்டில் வருமான வரித்துறை சோதனை நடத்தி 10 லட்சம் ரூபாய்க்கு மேல் கைப்பற்றியது. அடுத்த சில நாட்களில் கட்சிக்காரர் ஒருவருக்குத் தொடர்புடைய சிமென்ட் கிடங்கில் 11.48 கோடி ரூபாய் சிக்கியது. வார்டு வாரியாகப் பிரித்துக் கட்டி வைக்கப்பட்டிருந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். வேட்பாளர் மீதும் வழக்குப் பதிவானது. தந்தையும் மகனும் குற்றச்சாட்டை மறுத்தார்கள். இது அரசியல் பழிவாங்கல் என்றார்கள். தேர்தலை ரத்து செய்ததை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் ஒருவர், வியப்பாக, எதிர்த்துப் போட்டியிட்ட ஏ.சி. சண்முகம். சென்னை உயர் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. அதே பண விவகாரத்தில் 2025 ஜனவரியில் அமலாக்கத் துறையும் கதிர் ஆனந்துக்குத் தொடர்புடைய இடங்களில் சோதனை நடத்தியது.

கிடங்கில் சிக்கிய அந்தத் தொகையைச் சட்டத்தின் அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 2019-ல் ஒரு மக்களவை வேட்பாளர் செலவிடக்கூடிய உச்சவரம்பு 70 லட்சம் ரூபாய். வேலூரின் வாக்காளர்களுக்கு வகுத்தால் தலைக்கு ஐந்து ரூபாய்கூட வராது. ஒரே கிடங்கில் சிக்கிய பணம் அந்த வரம்பைப்போல் 16 மடங்கு.

சரி, சொந்தப் பணம் வைத்திருப்பவர் அதைத் தேர்தலில் செலவிடுவது குற்றமா? இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 77-வது பிரிவு, பணம் யாருடையது என்று பார்ப்பதில்லை. எவ்வளவு என்று மட்டுமே பார்க்கிறது. சொந்தச் சேமிப்போ, கடனோ, நண்பர்கள் கொடுத்ததோ, எல்லாம் ஒரே வரம்புக்குள் வர வேண்டும். வேட்பாளர் தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும்; முடிவு வெளியான 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் மூன்று ஆண்டுகள் தகுதி நீக்கம் செய்யவும் 10ஏ பிரிவு இடம் தருகிறது. உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ், செய்தி வடிவில் வந்த விளம்பரத்தின் செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011-ல் அப்படித் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். மக்களவைக்கான வரம்பு 2020-ல் 77 லட்சமாகவும் 2022 ஜனவரியில் 95 லட்சமாகவும் உயர்ந்தது. சட்டமன்றத்துக்கு இப்போது 40 லட்சம்.

தாளில் இது கறாரான சட்டம்தான். அதில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. இரண்டும் வசதியுள்ளவருக்கே உதவுகின்றன.

முதலாவது, காலம். வேட்புமனு தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை ஆகும் செலவு மட்டுமே கணக்கில் சேரும். 2024-ல் தமிழகத்தில் மனுத் தாக்கல் தொடங்கியது மார்ச் 20. வாக்குப்பதிவு ஏப்ரல் 19. பிரசாரம் முழுக்க ஒரு மாதத்துக்குள் முடிந்துவிட்டது. அதற்கு முன் ஓராண்டோ ஈராண்டோ ஒருவர் ஊர் ஊராக மருத்துவ முகாம் நடத்தலாம், கோயில் திருவிழாவுக்கும் பள்ளிவாசல் பணிக்கும் நன்கொடை தரலாம், கபடிப் போட்டிக்குப் பரிசு கொடுக்கலாம், கல்லூரிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். அதில் ஒரு ரூபாய்கூட 77-வது பிரிவின் கணக்கில் ஏறாது. உதவி பெற்றவருக்கு அது உண்மையான உதவிதான். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அறக்கட்டளையோ மருத்துவமனையோ கல்லூரியோ கையில் உள்ளவர்தான் அந்த இரண்டு ஆண்டு ஓட்டத்தில் ஓட முடியும்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பழையது. 1971-ல் டெல்லி சதர் தொகுதியில் வென்ற அமர்நாத் சாவ்லாவின் தேர்தலை எதிர்த்து கன்வர்லால் குப்தா தொடுத்த வழக்கில், 1974 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வேட்பாளருக்குத் தெரிந்து கட்சி அவருக்காகச் செலவிட்டால் அதுவும் அவர் கணக்குதான். நீதிபதி பி.என். பகவதி எழுதிய அந்தத் தீர்ப்பு, பணம் படைத்தவருக்கும் இல்லாதவருக்கும் இடையே களம் சமமாக இருக்க வேண்டும் என்று அழுத்தமாக வாதிட்டது. மை காய்வதற்குள் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கட்சியும் நண்பர்களும் செய்யும் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்று 77-வது பிரிவில் ஒரு விளக்கம் நுழைந்தது. 2003 திருத்தத்தில் அது கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் கட்சியின் பொதுப் பிரசாரச் செலவுக்கும் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவுக்கும் இன்றுவரை உச்சவரம்பு கிடையாது. அப்படியானால் வசதியுள்ள வேட்பாளரின் பணம் கட்சியின் பெயரில் சென்று கட்சிச் செலவாகத் திரும்பி வருவதைத் தடுப்பது எது?

களத்தில் கண்காணிப்பு இல்லாமல் இல்லை. பறக்கும் படை உண்டு, செலவினப் பார்வையாளர் உண்டு, மேடைக்கும் நாற்காலிக்கும் சாப்பாட்டுக்கும் மாவட்ட நிர்வாகம் நிர்ணயிக்கும் விலைப்பட்டியல் உண்டு. வேட்பாளர் எழுதும் கணக்கோடு ஒப்பிட அதிகாரிகள் தனிப் பதிவேடும் வைக்கிறார்கள். ஆனால் இந்தக் கெடுபிடியின் சுமை யார் தலையில் விழுகிறது என்று தோல் வட்டாரத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டு போனால் ஆவணம் காட்ட வேண்டும். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் பச்சைத் தோல் வாங்கும் சிறு வியாபாரிக்கு ரொக்கம் இல்லாமல் வேலை ஓடாது. தேர்தல் மாதத்தில் சாலையில் நிறுத்தப்படுபவர் அவர்தான். கிடங்கில் அடுக்கப்படும் கோடிகளோ, யாராவது துப்புக் கொடுத்தால் மட்டுமே வெளிச்சத்துக்கு வருகின்றன.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். பணம் வெற்றியை வாங்கித் தருகிறதா?

ஏ.சி. சண்முகத்தின் கணக்கைப் பார்த்தால் போதும். ஆரணிக்காரர். எம்.ஜி.ஆர். காலத்து அ.தி.மு.க.வில் 1980-ல் ஆரணி எம்.எல்.ஏ.; 1984-ல் வேலூர் எம்.பி. பிறகு எம்.ஜி.ஆர். பெயரில் கல்வி நிறுவனம் தொடங்கி வளர்த்தார், புதிய நீதிக் கட்சியையும் தொடங்கினார். அதே வேலூரில் அண்மைக் காலத்தில் தொடர்ந்து மூன்று முறை நின்றார். 2014-ல் பா.ஜ.க. கூட்டணியில் நின்று, அ.தி.மு.க.வின் செங்குட்டுவனிடம் 59,393 வாக்குகளில் தோற்றார். ரத்தான தேர்தல் 2019 ஆகஸ்ட் 5 அன்று மீண்டும் நடந்தபோது இரட்டை இலையில் நின்று 4,77,199 வாக்குகள் பெற்றார். கதிர் ஆனந்த் 4,85,340. வித்தியாசம் 8,141. நோட்டாவுக்கு விழுந்ததே 9,417. 2024-ல் தாமரைச் சின்னத்தில் நின்றபோது அவர் காட்டிய சொத்து சுமார் 152 கோடி ரூபாய். செலவு வரம்பான 95 லட்சம் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 2,15,702 வாக்குகளில் தோற்றார்.

ஒரே மனிதர், ஒரே தொகுதி. வித்தியாசம் 59 ஆயிரத்திலிருந்து 8 ஆயிரத்துக்கு இறங்கி 2 லட்சத்துக்கு ஏறியது. மாறியது அவருடைய செல்வம் இல்லை, சின்னமும் கூட்டணியும்தான். இரட்டை இலையோடு நின்றபோது நூலிழையில் வந்தார். அது இல்லாதபோது இல்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வலுவாக உள்ள முஸ்லிம் வாக்குகள் யார் பக்கம் திரும்புகின்றன என்பது எந்தப் பணக் கவரையும்விடப் பெரிய கணக்கு. இந்தத் தொகுதி 2004-ல் காதர் மொகிதீனையும் 2009-ல் அப்துல் ரகுமானையும் அனுப்பிய தொகுதி. இருவரும் முஸ்லிம் லீக்கினர்.

வேலூர் விதிவிலக்கும் இல்லை. 2024 மக்களவைத் தேர்தலின் முதல் கட்டத்தில் நாடு முழுவதும் போட்டியிட்டவர்களில் அதிகச் சொத்து காட்டிய பத்துப் பேரின் பட்டியலை ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் வெளியிட்டது. அதில் ஐவர் தமிழகத்தில் நின்றவர்கள். 662 கோடி காட்டிய ஈரோட்டின் ஆற்றல் அசோக்குமார் 2.36 லட்சம் வாக்குகளில் தோற்றார். 304 கோடி காட்டிய தேவநாதன் யாதவ் சிவகங்கையில் மூன்றாம் இடம். கிருஷ்ணகிரியில் 135 கோடி காட்டிய ஜெயப்பிரகாஷ் தோற்றார். முதலிடத்தில் இருந்த நகுல்நாத்தும், 716 கோடி இருந்தும், தந்தை கமல்நாத்தின் கோட்டையான சிந்த்வாராவில் தோற்றார். பத்துப் பேரில் வென்றவர்கள் இருவரே. அதில் ஒருவர் சிவகங்கையின் கார்த்தி சிதம்பரம்.

வரம்பே இல்லாத நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 1976-ல் பக்லி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வேட்பாளர் தன் சொந்தப் பணத்தைச் செலவிடுவதற்கு வரம்பே விதிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்தச் சுதந்திரத்தோடு 2020-ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கிய மைக்கேல் புளூம்பெர்க் 100 கோடி டாலருக்கு மேல் சொந்தப் பணத்தைக் கொட்டினார். அவர் வென்றது அமெரிக்கச் சமோவா என்ற சின்னஞ்சிறு தீவுப் பகுதியை மட்டுமே.

இதைப் படித்துவிட்டு, ‘மக்கள் விலை போகவில்லை, கவலை வேண்டாம்’ என்று நிம்மதி அடைந்துவிட முடியாது. இன்னோர் எண்ணையும் பக்கத்தில் வைக்க வேண்டும். 2024-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட 543 எம்.பி.க்களில் 504 பேர் கோடீசுவரர்கள். அதாவது 93 சதவீதம். பெரும் பணக்காரர் தோற்கலாம். அவரைத் தோற்கடிப்பவரும் அநேகமாகக் கோடீசுவரர்தான். பணம் செல்லும் இடம் வாக்குச்சாவடி அல்ல, அதற்கு முந்தைய கட்டம்: சீட் ஒதுக்கும் இடம். விருப்ப மனு கொடுத்தவர்களிடம் நேர்காணலில் ‘எவ்வளவு செலவு செய்ய முடியும்’ என்று கேட்பது கட்சிக்காரர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் செய்தி. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதவர் அங்கேயே வடிகட்டப்படுகிறார். வாக்காளர் அவரை நிராகரிக்கும் வாய்ப்பே வருவதில்லை, ஏனென்றால் இயந்திரத்தில் அவர் பெயரே இருப்பதில்லை.

தோல் வட்டாரத்துக்கு இதனால் என்ன இழப்பு? பாலாற்றைப் பாருங்கள். தோல் கழிவால் ஆறும் நிலத்தடி நீரும் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டமாக்கியது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும், பட்டறையில் சுண்ணாம்புக் குழியில் நிற்பவருக்கும் இதைப் பற்றிப் பேச நிறைய உண்டு. அவர்களில் ஒருவர் பெரிய கட்சியின் வேட்பாளராக வேலூரில் நிற்பதை நம்மால் கற்பனை செய்ய முடிகிறதா? தலித், பழங்குடியினர் அல்லாதவருக்கு வைப்புத்தொகையே 25,000 ரூபாய். அதற்கு மேல் பூத் செலவு, வண்டி, கொடி, சாப்பாடு.

ஆகவே வரம்பை 95 லட்சத்திலிருந்து இன்னும் உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. கட்சிச் செலவுக்கு உச்சவரம்பு வேண்டும். அது இல்லாமல் வேட்பாளரின் வரம்பு வெறும் எண்தான். கணக்கெடுக்கும் காலம் மனுத் தாக்கல் நாளிலிருந்து பின்னோக்கி நீள வேண்டும், குறைந்தது ஓராண்டு. பணம் பிடிபட்ட வழக்குகள், அந்த எம்.பி.யின் பதவிக்காலம் முடிவதற்குள்ளாவது தீர்ப்பை எட்ட வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது காகிதம்தான். சின்ன விஷயம் என்று விட்டுவிட வேண்டாம். ஒவ்வொரு வேட்பாளரும் தாக்கல் செய்யும் சொத்துப் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது. தேர்தலுக்குப் பிறகு அவர் கொடுக்கும் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் தெருவில் எத்தனை வண்டி வந்தது, எத்தனை பந்தல் போட்டார்கள், எத்தனை பேருக்குச் சாப்பாடு போட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த தேர்தல் முடிந்ததும் ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் பத்துப் பேர் போய் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பொருந்தாத இடங்களை எழுதித் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்புங்கள்.