ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதுமா?

ஆங்கிலம் பேசத் தெரிந்தவரெல்லாம் அதைக் கற்பித்துவிட முடியுமா? முடியாது என்பதே அமெரிக்கா கண்ட அனுபவம்.

அங்கு இப்பாடத்தை 'ஆங்கில மொழிக் கலைகள்' என்பர். வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல், இலக்கணம், இலக்கியம் அனைத்தும் அதில் அடங்கும். 2002இல் கையொப்பமான 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' என்னும் சட்டம், புதிய இடைநிலைப்பள்ளி ஆசிரியர் தம் பாட அறிவை நிரூபிக்க வேண்டும் என்றது. மாநிலத் தேர்வில் தேறலாம். அல்லது அப்பாடத்தையே பல்கலைக்கழகத்தில் முதன்மைப் பாடமாகப் படித்திருக்கலாம். 2015இல் வந்த சட்டம் அந்தக் கூட்டரசு நிபந்தனையை நீக்கிப் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. எனினும் பல மாநிலங்களில் 'பிராக்சிஸ்' போன்ற பாட அறிவுத் தேர்வுகள் தொடர்கின்றன.

ஏன் இந்தக் கண்டிப்பு? "இந்த வாக்கியம் ஏன் தவறு?" என்று மாணவன் கேட்டால், "கேட்க நன்றாக இல்லை" என்பது பதிலாகாது. விதியைச் சொல்ல வேண்டும். வேறோர் எடுத்துக்காட்டும் தர வேண்டும்.

ஆனால், தேர்வுத் தாளோடு நிரூபணம் முடிந்துவிடுவதில்லை. பதில் தெரியாதபோது சமாளிக்காமல், "பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன்" என்று கூறி, மறுநாள் மறவாமல் சொல்பவரையே மாணவர்கள் நம்புவார்கள். புதிய ஆசிரியர்களே, அதுவும் பாட அறிவின் அடையாளந்தான்.