கண்ணாடி நடைமேடையைத் தாங்குவது எது?

பிரான்ஸ் தலைநகர் பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியில், மெட்ரோ ரயிலின் இரண்டாவது வழித்தடம் தெருவுக்கு மேலாக இரும்புப் பாலத்தில் செல்கிறது. 1903ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் உள்ள இப்பாலத்தின் தூண்கள், கீழே நடந்து செல்லும் எவருக்கும் தெரியும்.

ஆனால் சுற்றுலாத் தலங்களில் அமைக்கப்படும் பல கண்ணாடி நடைமேடைகளுக்கு இத்தகைய தூண்கள் இல்லை. பிரான்ஸின் ஷமோனி நகருக்கு மேலே, 3,842 மீட்டர் உயர மலைமுகட்டில் 2013 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பெட்டியின் அடியில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்துக்கு வெட்டவெளியே உள்ளது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் 2007இல் திறக்கப்பட்ட குதிரைலாட வடிவ நடைமேடை, பாறை விளிம்பிலிருந்து சுமார் 21 மீட்டர் வெளியே நீண்டுள்ளது.

ஒரு பக்கம் மட்டும் பிணைக்கப்பட்டு, மறுபக்கம் அந்தரத்தில் நிற்கும் இவ்வமைப்பு கேண்டிலிவர் எனப்படுகிறது. வீடுகளின் பால்கனியும் பெரும்பாலும் இவ்வகையே. நுனியில் ஒருவர் நிற்கும்போது விட்டம் கீழ்நோக்கி வளைய, அதன் பின்முனை மேலெழ முயல்கிறது. கிராண்ட் கேன்யனில் அதைத் தடுப்பவை, பாறைக்குள் ஆழமாகப் பதிக்கப்பட்ட எஃகு நங்கூரங்கள். நீட்சி இரு மடங்கானால், நுனியில் நிற்பவரின் எடையால் பிணைப்பிடத்தில் ஏற்படும் வளைவுத் தாக்கம் இரு மடங்காகும். சீரான விட்டத்தின் சொந்த எடையால் ஏற்படும் தாக்கமோ நான்கு மடங்காகும். காலடிகளால் எழும் அதிர்வைத் தணிக்கவும் தனிக் கருவிகள் தேவைப்படுகின்றன.

இங்கு பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் எஃகுதான். கண்ணாடி, எச்சரிக்கையின்றி உடையக்கூடியது. எனவே பல அடுக்குகளை இடைப்படலங்களால் ஒட்டி, ஓர் அடுக்கு உடைந்தாலும் மற்றவை பாரத்தைத் தாங்குமாறு தளம் அமைக்கப்படுகிறது. சிக்காகோவின் வில்லிஸ் கோபுரத்தில் 2014இல் கண்ணாடித் தளத்தின் மேற்பூச்சு நொறுங்கியபோது, பார்வையாளர்கள் அஞ்சினர். அடியிலிருந்த கண்ணாடிக்குச் சேதமில்லை.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்து, 2024 டிசம்பர் 30ஆம் தேதி திறக்கப்பட்ட 77 மீட்டர் நீளப் பாலம் வேறு வகையானது. இரு முனைகளிலும் தாங்கப்படும் அதன் பாரத்தை வில் போன்ற வளைவுகள் சுமக்கின்றன. எனினும் உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும் என்பதால், அங்கும் தொடர் பராமரிப்பு இன்றியமையாதது.

பார்வையாளரின் அச்சம் காலடியில் உள்ள கண்ணாடியைப் பற்றியது. பொறியாளரின் கவலையோ, பார்வையில் படாத நங்கூரங்களையும் இணைப்புகளையும் பற்றியது. அவற்றை உரிய காலத்தில் சோதிப்பதும், ஒரே நேரத்தில் அனுமதிக்கப்படுவோரின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதும் பாதுகாப்பின் அடிப்படையாகும்.