மன்றோ என்னும் குடிப்பெயர்

திருமலையில் வேங்கடவனுக்குப் பொங்கல் படைக்கும் பெரும் பாத்திரம் ஒன்றுக்கு ‘மன்றோ கங்காளம்’ என்று பெயர். கங்காளம் என்னும் சொல் தமிழருக்கும் தெலுங்கருக்கும் பழக்கமானதே. மன்றோ என்பதோ கடல் கடந்து வந்த ஒரு குடிப்பெயர். அதாவது, ஒரு குடும்பத்தார் அனைவருக்கும் பொதுவாய் வழிவழி வரும் பெயர். அப்பெயர் ஏழுமலையை அடைந்த வரலாறு, பிற மாநிலங்களில் வாழும் தமிழர் அறிந்து பயன் கொள்ளத்தக்கது.

ஐரோப்பியக் குடிப்பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் தோன்றின. ஜான்சன் தந்தை பெயரால் அமைந்தது. ஜானின் மகன் என்பது பொருள். ஸ்மித் தொழிலால் அமைந்தது, கொல்லனைக் குறிப்பது. பிரௌன் நிறத்தால் அமைந்தது. தெலுங்கு அகராதி தொகுத்த சார்லஸ் பிலிப் பிரௌனின் பெயர் இவ்வகையினது. நான்காம் வகை, ஊராலும் ஆற்றாலும் அமைவது. மன்றோ இதனைச் சார்ந்தது.

ஸ்காத்லாந்தின் வடபகுதியில் ஈஸ்டர் ராஸ் என்னும் நிலப்பரப்பில், பௌலிஸ் கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்டு வாழ்ந்த குடியினர் மன்றோக்கள். அவர்களது கேலிக் மொழியில் அக்குடியினனைக் குறிக்கும் சொல்லுக்கு ‘ரோவைச் சேர்ந்தவன்’ என்பது பொருள். ரோ என்பது அயர்லாந்தின் வடக்கே டெரிப் பகுதியில் பாயும் ஆறு. தம் முன்னோர் அவ்வாற்றங்கரையை விட்டுக் கடல் கடந்து வந்தனர் என்பது அக்குடியின் மரபுரை. ஆறு பின்தங்கிவிட்டது, அதன் பெயர் மட்டும் மக்களோடு புறப்பட்டு வந்தது எனலாம்.

அப்பெயர் பின்னர் உலகெங்கும் பரவிற்று. 1817 முதல் 1825 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த ஜேம்ஸ் மன்றோ இக்குடியின் வழியினர். ஆப்பிரிக்காவில் லைபீரியாவின் தலைநகர் மன்றோவியா, அவர் பெயரால் அமைந்ததே. கேரளத்தில் கொல்லத்திற்கு அருகே மன்றோ துருத்து என்னும் தீவு உண்டு. அது திருவிதாங்கூரில் திவானாயிருந்த ஜான் மன்றோவின் பெயரைத் தாங்குவது.

திருமலைக்குப் பெயர் தந்தவர் தாமஸ் மன்றோ. 1761இல் கிளாஸ்கோவில் பிறந்து, 1780இல் கும்பெனிப் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்தவர். சேலம் பகுதியில் நிலவரிப் பணியாற்றிய பின், 1800 முதல் 1807 வரை கடப்பை, பெல்லாரி முதலிய பகுதிகளை ஆண்டார். இடையில் ஜமீன்தார் இன்றி, உழவனிடமே வரி பெறும் ரயத்துவாரி முறையை வளர்த்தவர் இவரே. அப்பகுதிகளில் பிள்ளைகளுக்கு ‘மன்றோலப்பா’ என்று பெயரிடும் வழக்கமும் தோன்றிற்று. 1820இல் சென்னை மாகாண ஆளுநரானார். 1827 ஜூலை 6ஆம் நாள் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் மாண்டார். வயிற்று நோயுற்றிருந்த அவர் திருமலைப் பொங்கலை உண்டு நலமடைந்தார் என்றும், நன்றிக்கடனாக வாயல்பாட்டுப் பகுதியில் ஒரு சிற்றூரின் வருவாயைப் பொங்கல் கட்டளைக்கு விட்டார் என்றும் கோயில் வழக்குக் கூறும். அயர்லாந்து ஆற்றின் பெயர் இங்ஙனம் ஒரு பாத்திரத்தின் பெயராயிற்று.

இதே கோயிலின் நிருவாகத்திற்கு 1821இல் வகுக்கப்பட்ட விதிகள் ‘புரூஸ் விதித்தொகுப்பு’ எனப்படும். புரூஸ் என்னும் குடிப்பெயரும் பிரான்ஸில் நார்மண்டியைச் சேர்ந்த பிரிக்ஸ் என்னும் ஊரிலிருந்து வந்ததே.

இது மேல்நாட்டார்க்கே உரிய வழக்கமன்று. தெலுங்கரின் ‘இண்டி பேரு’, அதாவது வீட்டுப்பெயர், பெரும்பாலும் முன்னோர் வாழ்ந்த ஊரைக் காட்டும். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்து, இளமையில் திருப்பதியில் பயின்றவர். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்ந்த திருத்தணி, 1960இல் சென்னை மாநிலத்திற்கு வந்தது. எனினும் அவர் பெயரின் முன்னுள்ள சர்வபள்ளி, நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர். எல்லைகள் மாறின, குடும்பம் இடம் பெயர்ந்தது, பெயர் மாறவில்லை.

தமிழரிடமோ குடிப்பெயர் வழக்கம் பரவலாக இல்லை. ஊரின் முதலெழுத்தும் தந்தை பெயரின் முதலெழுத்தும் முன்னிற்கும். சொந்தப் பெயர் பின்வரும். தமிழ்நாட்டில் இதனால் இடர் ஏதும் இல்லை. வெளிமாநிலத்திலோ, பள்ளியிலும் அலுவலகத்திலும் படிவங்கள் குடிப்பெயரைக் கேட்கின்றன. பலர் அவ்விடத்தில் தந்தை பெயரை எழுதுகின்றனர். அங்ஙனம் எழுதினால், தாத்தாவுக்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று என ஒரே இல்லத்தில் மூன்று குடிப்பெயர்கள் தோன்றுகின்றன. உறவை நிறுவச் சான்றிதழ்கள் தேட வேண்டியதாகிறது. இதனினும் பெரிய இழப்பு வேறு. படிவத்தில் இடமில்லாத ஊரின் முதலெழுத்தே முதலில் உதிர்கிறது. அவ்வெழுத்து எந்த ஊரைக் குறித்தது என்பதை அடுத்த தலைமுறை அறியாது.

ஆதலின், வெளிமாநிலத்துத் தமிழ்க் குடும்பத்தார் இரண்டு செய்தல் நன்று. எந்தப் பெயரைக் குடிப்பெயராகக் கொள்வதென்று பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்குமுன் ஒருமுறை தேர்ந்து, எல்லா ஆவணங்களிலும் அதனையே ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுக. அது ஊர்ப்பெயராயின் மிக நன்று. வேறொன்றாயினும், முதலெழுத்துகளின் முழு விரிவை ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் ஒப்படைக்குக.