தள்ளுமுள்ளு: பிள்ளையைப் பார்க்குமுன் அறையைப் பாருங்கள்

மழலையர் வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொன்றைத் தள்ளிவிட்டால், 'வீட்டுல செல்லம் ஜாஸ்தி' என்று உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது. அந்த அறையில் கால் வைக்க இடம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பீட்டர் ஸ்மித், கெவின் கானலி என்ற இரு உளவியலாளர்கள் கேட்டார்கள். 1970களில் சிறு பிள்ளைகளுக்கான விளையாட்டுக் குழுக்களை நடத்தி, அறையின் இடத்தையும் சாமான்களையும் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். முடிவுகள் 1980இல் நூலாக வந்தன.

இடம் சுருங்கச் சுருங்க ஓட்டமும் துரத்தலும் குறைந்தன. இது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் தலைக்கு 25 சதுர அடிவரை சுருக்கியும் சண்டை பெரிதாகக் கூடவில்லை. 15 சதுர அடிக்கு இறக்கியபோது கூடியது. சேர்ந்து விளையாடுவதும் குறைந்தது. 15 சதுர அடி என்பது மூன்றடிக்கு ஐந்தடி. ஒரு பிள்ளை கையை நீட்டினால் அடுத்த பிள்ளை மேல் படும்.

பொம்மைக் கணக்கு இத்தனை நேரானதல்ல. தாராளமாக இருந்தபோது சண்டை குறைந்தது, ஆனால் பிள்ளைகள் தனியாகவோ சிறு சிறு கூட்டமாகவோ பிரிந்து போனார்கள். குறைவாக இருந்தபோது பிடுங்கல் கூடியது; ஒரே பொருளைப் பங்கிட்டு ஆடுவதும் கூடியது. ஆக, பொம்மைகளை வாங்கிக் குவிப்பதாலேயே வகுப்பு நல்ல வகுப்பாகிவிடாது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. சிறு பொம்மைகளை அகற்றிவிட்டு, ஏறி இறங்கும் பெரிய சாதனங்களையும் மேசை நாற்காலிகளையும் மட்டும் விட்டுவைத்தபோது, பிள்ளைகள் அதிகம் ஒத்துழைத்தார்கள். அந்தப் பொருள்களுக்குப் புதுப்புதுப் பயன்களைக் கண்டுபிடித்தார்கள். இப்படித்தான் ஆட வேண்டும் என்று சொல்லாத பொருள் கையில் கிடைத்தால், என்ன ஆடுவது என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசித்தான் தீர வேண்டும். அந்தப் பேச்சுதான் அந்த வயதின் பெரிய படிப்பு என்பது என் எண்ணம்.

அறையைப் பிள்ளைக்கு ஏற்றபடி அமைக்கும் எண்ணம் புதிதல்ல. அந்த ஆய்வுக்கு வெகுகாலம் முன்பே, 1907இல் ரோமில் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் மேசை நாற்காலிகள் பிள்ளைகளின் உயரத்துக்குச் செய்யப்பட்டன. 1939இல் அவர் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஆனாலும் விளையாட்டுச் சாமான்களைப் பீரோவுக்குள் பூட்டிவைக்கும் வகுப்புகள் இன்னும் இருக்கின்றன. பூட்டிய பொம்மை, இல்லாத பொம்மைதான்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோரே, கட்டணம் கேட்கும்போதே வகுப்பறையையும் பார்க்கக் கேளுங்கள். மேசை நாற்காலி போக எவ்வளவு தரை மிஞ்சுகிறது, சாமான்கள் பிள்ளையின் கைக்கு எட்டுகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வேறு பள்ளி தேடுங்கள்.