தொந்தரவு இல்லாத பிரஷருக்கும் மருந்து வேண்டும்

"தலைசுத்தல் இருக்கா? படபடப்பு? ஒண்ணும் இல்லல்ல, அப்போ உப்பைக் குறைங்க, அப்புறம் பார்ப்போம்." கருவி 160/100 காட்டிய பிறகும் இப்படிச் சொல்லி அனுப்பப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்பைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை என்பது மருந்தைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றின் ரத்தக் குழாய்களை பிரஷர் சத்தமில்லாமல்தான் கெடுக்கிறது. பலருக்கு முதல் அறிகுறியே பக்கவாதம்தான்.

டாக்டர்களே இதை நம்ப வெகுகாலம் ஆனது. வயதானால் குழாய் தடிக்கும், ரத்தம் போய்ச் சேர அழுத்தம் கூடத்தான் வேண்டும், குறைத்தால் மூளைக்குப் போதாது என்று 1950களில்கூடப் பலர் எண்ணினார்கள். அமெரிக்காவில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் டாக்டர் எட்வர்ட் ஃப்ரீஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள். ஒரு பாதிக்கு உண்மையான மாத்திரை, மறுபாதிக்கு அதே போலத் தோன்றும் வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை எடுத்த 70 பேரில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு வந்தது, அவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். மருந்து எடுத்த 73 பேரில் பாதிப்பு இரண்டே பேருக்கு. 1967இல் இது வெளியானது. கீழ் அளவு 90 முதல் 114 வரை இருந்த 380 பேரின் முடிவு 1970இல் வந்தது: மருந்து இல்லாதவர்களில் 20 பேருக்குப் பக்கவாதம், மருந்து எடுத்தவர்களில் 5 பேருக்கு.

அந்த ஆய்வுகளில் கொடுத்த மருந்துகளில் ஒன்றான ரெசர்பைன் நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து வந்தது. அந்த வேர் பிரஷரைக் குறைப்பதை பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இலேயே பிரிட்டிஷ் இதழில் எழுதியிருந்தார்.

ஆதாரம் வந்ததும் டாக்டர்கள் மாறிவிடவில்லை. ஃப்ரீஸுக்கு 1971இல் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. 1972இல் அமெரிக்க அரசு டாக்டர்களுக்கும் மக்களுக்கும் சேர்த்தே தேசியக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. அந்தத் தயக்கத்தின் மிச்சம் இன்றும் சில கிளினிக்குகளில் இருக்கிறது. அதனால் நோயாளிதான் வாய்திறந்து கேட்க வேண்டும்.

முதலில் அளவு சரியாக இருக்கட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கை இதய உயரத்தில் இருக்க, பேசாமல் பார்க்க வேண்டும். காபி, சிகரெட் அரை மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் 140/90க்கு மேலேயே வந்தால் டாக்டரிடம் கேளுங்கள்: "எவ்வளவுக்குள் இருக்கணும் டாக்டர்? இப்போ மாத்திரை வேண்டாம்னா ஏன்? மறுபடி எப்போ பார்க்கணும்?" சற்றே கூடியிருப்பவர்களுக்குச் சில மாதம் நடை, உணவு என்று பார்ப்பது நியாயமான வைத்தியம்தான். ஆனால் அதற்குத் தேதி குறித்திருக்க வேண்டும். 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ பேச்சுக் குழறலோ கைகால் பலவீனமோ இருந்தால் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, 108ஐ அழைக்க வேண்டும்.

விளக்கம் கேட்பதும், வேறொரு டாக்டரின் கருத்தைப் பெறுவதும் தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைச் சாசனத்தில் உள்ளவை. "டாக்டர் கோவிச்சுக்குவார்" என்று தயங்க வேண்டாம்.

பணம் தடையாக இருந்தால், தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரை இலவசம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். பிரஷர் 120க்கு வந்துவிட்டது என்று அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது 120இல் நிற்பதே மாத்திரையால்தான்.