சென்னை டூ மதுரை: விமானத்துல 1 மணி 20 நிமிடம்.. மாடம்பாக்கத்தில் இருந்து கிளம்பினா எவ்வளவு நேரம் ஆகும்?

ஊர்ல திடீர்னு ஒரு துக்கம், இல்லைனா ஆஸ்பத்திரியில் யாரோ சீரியஸ். "ஃப்ளைட்ல போயிடு, ஒரு மணி நேரம்தானே" என்பதுதான் வீட்டில் எல்லோரும் சொல்வது. உண்மையில் அவ்வளவு சீக்கிரம் போய்விட முடியுமா?

தூரம் எவ்வளவு?

சென்னை, மதுரை விமான நிலையங்களுக்கு இடையே நேர்க்கோட்டு தூரம் சுமார் 415 கி.மீ. சாலை வழியாக சுமார் 460 கி.மீ. எழும்பூரில் இருந்து ரயில் பாதையில் சுமார் 490 கி.மீ.

415 கி.மீ-க்கு ஏன் 1 மணி 20 நிமிடம்?

ஜெட் விமானம் உச்ச வேகத்தில் மணிக்கு 800 கி.மீ-க்கு மேல் பறக்கும். அந்தக் கணக்குப்படி அரை மணி நேரம் போதும். ஆனால் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது. அதோடு, டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் அல்ல. சென்னையில் விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, மதுரையில் வந்து நிற்கும் வரை எல்லாம் அதில் சேர்த்தி. ஓடுபாதைக்காகக் காத்திருப்பதும் அதில் அடக்கம். மணிக்கு 500 கி.மீ வேகத்தில் போகும் ஏடிஆர் ரக சிறிய விமானம் என்றால், இன்னும் கொஞ்சம் கூடும்.

வீட்டு வாசலில் இருந்து கணக்கு போடுவோம்

மாடம்பாக்கத்தில் இருந்து ராஜகீழ்ப்பாக்கம், தாம்பரம் வழியாக ஜிஎஸ்டி சாலையில் திரிசூலம் போக, டிராஃபிக்கோடு 45 நிமிடம். செக்-இன், பாதுகாப்பு சோதனைக்காக ஒன்றரை மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். விமானம் 1 மணி 20 நிமிடம். இறங்கி, பெட்டியை எடுத்து வெளியே வர 25 நிமிடம். அங்கிருந்து மதுரை ஊருக்குள் போக 35 நிமிடம். மொத்தம் சுமார் 4 மணி 35 நிமிடம்!

ரயிலில் போனால்?

எழும்பூரில் அதிகாலை 5 மணியளவில் கிளம்பும் நாகர்கோவில் வந்தே பாரத், 6 மணிக்கு கிளம்பும் தேஜஸ் இரண்டுமே தாம்பரத்தில் நிற்கும். தாம்பரத்தில் இருந்து மதுரைக்கு வந்தே பாரத்தில் சுமார் ஐந்தேகால் மணி நேரம், தேஜஸில் ஐந்தே முக்கால் மணி நேரம். வீட்டில் இருந்து ஸ்டேஷன் போய் காத்திருக்க 45 நிமிடம் சேர்த்தால் 6 முதல் ஆறரை மணி நேரம். இறங்குவதும் ஊருக்கு நடுவிலேயே. வந்தே பாரத் புதன்கிழமையும், தேஜஸ் வியாழக்கிழமையும் ஓடாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அப்போ எதில் போகலாம்?

டிக்கெட்டைப் பார்த்தால் வித்தியாசம் 4 மணி நேரம் போலத் தெரியும். வாசலுக்கு வாசல் கணக்கு போட்டால் மிச்சமாவது ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்தான். ராத்திரி தகவல் வந்து, காலை முதல் விமானம் 8 மணிக்குத்தான் என்றால், விடியற்காலை வந்தே பாரத்தில் ஏறியவரும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் போய்ச் சேருவார். காலை ரயில்களை விட்டுவிட்டால், மதியம் கிளம்ப விமானமே சரி.

டிக்கெட் போடும் முன், அடுத்து எது எத்தனை மணிக்கு கிளம்புகிறது என்று பாருங்கள். பறக்கும் நேரத்தை விட அதுதான் முக்கியம்.