ஸைக்கிளில் எழும் சப்தங்களும் அவற்றைத் தீர்க்கும் வழியும்

வெம்பக்கோட்டையிலும் அதைச் சூழ்ந்த கரிசல் கிராமங்களிலும், தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலைகளுக்கு ஸைக்கிளில் செல்லும் தொழிலாளர் பலர். பால் கொண்டு செல்பவருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதுவே வாகனம். வண்டி ஒரு நாள் நின்றுபோனால் அன்றைய கூலி நின்றுபோகும். ஆகவே ஸைக்கிளைப் பற்றிய இச்சிறு விஷயம் சங்க அங்கத்தினர்களின் வரவு செலவைச் சேர்ந்த விஷயமே.

நான் கணக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்த ஒரு சங்கத்தில், அங்கத்தினர் ஒருவர் ஸைக்கிள் ரிப்பேருக்கென்று சில்லறைக் கடன் கேட்டு மனுச் செய்திருந்தார். காரணம் வினவியபோது, "மிதிக்கும்போதெல்லாம் 'டக், டக்' என்று சத்தம், ஐயா. பெடலை மாற்றினேன், செயினையும் மாற்றினேன். சத்தம் போகவில்லை. போன மாதம் கிராங்கே கழன்று கீழே விழுந்துவிட்டேன்" என்றார். விழுந்ததில் மணிக்கட்டு பிசகி இரண்டு வாரக் கூலி போயிற்று. பழுதாயிருந்தது கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின் ஒன்றுதான். நல்ல பெடலுக்கும் நல்ல செயினுக்கும் பணம் செலவாயிற்று. கெட்ட பின் அப்படியே இருந்தது. கணக்கில் தொகை ஒத்துவராதபோது, பிழை எந்த வரியில் என்று காணாமல் புதுப் புத்தகம் வாங்குவார் உண்டோ? ஸைக்கிளிலும் அம்முறையே வேண்டும். முதலில் இடத்தைக் காணவேண்டும். பிறகே சாவியைக் கையில் எடுக்கவேண்டும்.

இடத்தைக் காணும் வழி

சப்தம் பெரும்பாலும் எழும் இடத்திலேயே கேட்பதில்லை. ஸைக்கிளின் சட்டம் உட்குழலான இரும்புக் குழாய்களால் ஆனது. சீட்டில் எழும் ஓசை அக்குழாய் வழியே இறங்கிப் பெடலில் எழுவதுபோல் கேட்கும். எனவே காதை மட்டும் நம்பாமல், பின்வரும் மூன்று பரீக்ஷைகளைச் சமமான பாதையில் செய்து பார்க்கவும்.

முதலாவது: வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் மிதிப்பதை நிறுத்தவும். சப்தமும் நின்றால் குற்றம் பெடல், கிராங்க், செயின் இவற்றில் இருக்கலாம். நிற்காமல் தொடர்ந்தால் சக்கரம், மட்கார்டு, பிரேக் இவற்றில் தேடவும். மிதிப்பதை நிறுத்தியதும் பின்சக்கரத்தில் 'கிட் கிட்' என்று கேட்பது பிரீவீலின் இயற்கையான ஓசை. அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

இரண்டாவது: சீட்டை விட்டு எழுந்து நின்றவாறு மிதிக்கவும். சப்தம் மறைந்தால் அது சீட்டின் ஸ்பிரிங்கிலோ, சீட்டைத் தாங்கும் தண்டிலோ எழுவதாகும்.

மூன்றாவது: சப்தம் எத்தனை சுற்றுக்கு ஒரு முறை வருகிறதென்று எண்ணவும். இதுவே மிகவும் பயனுள்ளது. முன் பல்சக்கரத்தில் 44 பற்களும் பின் பிரீவீலில் 18 பற்களும் உள்ள வண்டியில், பெடல் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றிவிடும். செயினில் 112 கண்ணிகள் இருப்பின், அது ஒரு முறை முழுவதும் சுற்றிவரப் பெடல் இரண்டரைச் சுற்றுச் சுற்றவேண்டும். ஆகவே, பெடலின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் வரும் சப்தம் பெடலையோ கிராங்கையோ சேர்ந்தது. ஒரு சுற்றில் இரண்டு மூன்று முறை வருவது சக்கரத்தைச் சேர்ந்தது. இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு முறை வருவது செயினில் இறுகிப்போன ஒரு கண்ணியைச் சேர்ந்தது. தத்தம் வண்டியின் பற்களையும் கண்ணிகளையும் ஒருமுறை எண்ணி வைத்துக்கொள்வது நலம்.

பெடலும் கிராங்கும்

பெடல் கிராங்கில் சரியாக முறுக்கப்படாவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் 'டிக்' என்று கேட்கும். வலது பெடலின் மரை வழக்கமானது. இடது பெடலின் மரை எதிர்த்திசையானது. மிதிக்கும்போது பெடல் தானே கழன்றுவிடாமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. பின்னர் 1903ஆம் ஆண்டில் ஆகாய விமானத்தைப் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள், அமெரிக்காவில் டேட்டன் நகரில் ஸைக்கிள் கடை நடத்தியபோது, இத்தகைய பெடலை 1900ஆம் ஆண்டில் விளம்பரம் செய்தனர். நினைவில் வைக்கவேண்டிய விதி ஒன்றே: எந்தப் பக்கமாயினும், சாவியை மேல்நோக்கி நிறுத்தி, அதன் மேல்முனையை வண்டியின் முன்பக்கமாகத் தள்ளினால் பெடல் இறுகும். கழற்றிப் பூட்டும்போது மரையில் சிறிது கிரீஸ் தடவவும்.

காட்டர் பின் தளர்ந்தால், அழுத்தி மிதிக்கும் இடத்தில் 'டக்' என்ற ஓசையோடு காலில் ஓர் அதிர்ச்சியும் தெரியும். இரு கிராங்குகளையும் தரைக்குச் சமமாக நிறுத்தி, இரு பெடல்களையும் ஒரே சமயத்தில் கையால் கீழ்நோக்கி அழுத்தவும். பிறகு அரைச் சுற்றுத் திருப்பி மறுபடியும் அவ்வாறே அழுத்தவும். ஏதேனும் ஒரு கிராங்க் சிறிதளவு அசைந்தாலும் பின் தளர்ந்ததென்று தெளியலாம். இங்கே பலர் செய்யும் தவறு, நட்டை மட்டும் பலமாக முறுக்குவதே. நட்டு பின்னை இழுத்து இறுக்குவதற்கன்று. இறுகிய பின்னை நழுவாமல் காப்பதற்கே. கிராங்கின் அடியில் கனமான மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, பின்னைச் சுத்தியலால் அடித்து உட்செலுத்திய பின்னரே நட்டை முறுக்கவேண்டும். பின்னின் தட்டையான முகம் தேய்ந்திருந்தால் புதியது போடவும். தளர்ந்த பின்னோடு ஓட்டினால் கிராங்கின் துளையும் அச்சும் கெட்டு, சிறு செலவு பெருஞ்செலவாகும். சில புது வண்டிகளில் காட்டர் பின்னுக்குப் பதிலாகச் சதுர அச்சும் போல்ட்டும் உண்டு. அவற்றில் போல்ட்டை முறுக்கினால் போதும்.

'கரகர' என்று இடைவிடாமல் அரைபடும் ஓசை, கிராங்க் அச்சின் பால்ரஸ்கள் உலர்ந்ததையோ உடைந்ததையோ காட்டும். ஒன்று உடைந்திருந்தாலும் அத்தனையையும் ஒரே அளவில் மாற்றிக் கிரீஸ் வைக்கவேண்டும்.

செயின்

செயினின் உருளைகள் எளிதாகச் சுழல வேண்டுமென்ற அமைப்புக்கு ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உரிமை பெற்றார். இன்றைய செயினும் அவ்வமைப்பே. எலி கத்துவதுபோல் ஓசை வந்தால் எண்ணெய் இல்லையென்று பொருள். முதலில் பழைய அழுக்கைத் துடைத்து, ஒவ்வோர் உருளைக்கும் மெல்லிய மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, வெளியே நிற்கும் எண்ணெயைத் துணியால் துடைத்துவிடவும். நமது கரிசல் புழுதி எண்ணெயோடு சேர்ந்தால் அரம்போல் அராவும். ஆகையால் எண்ணெய் உள்ளே இருக்கவேண்டும், வெளியே இருத்தலாகாது. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசினாகிவிடும், அவை வேண்டாம்.

செயின் தளர்ந்து கவரில் அடித்தால், நடுவில் விரலால் தூக்கிப் பார்க்கவும். அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை ஆட்டம் இருப்பது சரி. மிகுந்தால் பின்சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை நேராகப் பின்னுக்கு இழுத்து முறுக்கவும். செயின் தேய்ந்ததா என்று அறிய 24 கண்ணிகளை அளக்கவும். புதுச் செயினில் அது சரியாக 12 அங்குலம். 12 அங்குலமும் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கும் ஆகிவிட்டால் மாற்றவேண்டியதே.

சக்கரமும் பிற பாகங்களும்

வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றினால், ரிம் பிரேக் கட்டையில் உராய்வதும் மட்கார்டு டயரில் படுவதும் கண்ணுக்கே தெரியும். மழைக்காலத்தில் மட்கார்டினுள் அப்பிய கரிசல் மண்ணைக் குச்சியால் நீக்கினாலே சப்தம் பெரும்பாலும் போய்விடும். கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் அமுக்கித் தளர்ந்ததைக் கண்டுபிடிக்கவும். பிரேக் கிறீச்சிட்டால் ரிம்மைத் துடைக்கவும். ரிம்மில் ஒருபோதும் எண்ணெய் விடலாகாது. காரியர், ஸ்டாண்டு, மணி, சீட் இவற்றின் நட்டுகளை மாதம் ஒரு முறை கையால் ஆட்டிப் பார்ப்பது நன்று. புதிதாகப் பூட்டிய வண்டியில் நட்டுகள் சில வாரங்களில் தளர்வது இயல்பு. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த புது வண்டியையும் பெற்றோர் இவ்வாறு பார்த்துக் கொடுக்கவேண்டும்.

எல்லாவற்றையும் சோதித்தும் 'டிக்' என்ற ஓசை நிற்காவிடில், ஃபோர்க்கிலும் சட்டத்தின் பற்றுகளிலும் வர்ணம் வெடித்துத் துருக்கோடு தெரிகிறதா என்று நோக்கவும். தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம். மெக்கானிக் பார்க்கும்வரை அவ்வண்டியில் ஏறலாகாது.

ஓர் எச்சரிக்கை

நம் பகுதிக்கு மட்டும் உரிய ஜாக்கிரதை ஒன்று உண்டு. இரும்பின்மேல் சுத்தியலால் அடித்தால் பொறி பறக்கும். தொழிற்சாலை வளாகத்திலோ, தீப்பெட்டி வேலை நடக்கும் வீட்டருகிலோ காட்டர் பின்னை அடிக்கவேண்டாம். மண்ணெண்ணெயால் செயினைக் கழுவுவதும், எண்ணெய்த் துணியை வேலையிடத்துக்குக் கொண்டுபோவதும் கூடாது. இவ்வேலைகளை வீட்டின் வெளிமுற்றத்தில், அடுப்புக்கும் பீடிக்கும் தூரமாக வைத்துக்கொள்ளவும்.

சங்கம் செய்யத்தக்கது

மேற்சொன்னவற்றுக்கு வேண்டிய கருவிகள் அளவுச் சாவிகள், சுத்தியல், திருப்புளி, எண்ணெய்க் குடுவை, கிரீஸ் டப்பா இவையே. தனி ஒருவருக்கு இவற்றை வாங்குவது பாரமாகலாம். ஒவ்வொரு சங்கமும் பொது நன்மை நிதியிலிருந்து ஒரு கருவிப்பெட்டி வாங்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அங்கத்தினர்களுக்கு இரவல் கொடுத்தால் பெரும் உபகாரமாகும். ரிப்பேர்க் கடனுக்கு மனு வரும்போதும், 'சப்தம் எத்தனை சுற்றுக்கு ஒரு முறை வருகிறது?' என்று பஞ்சாயத்தார் முதலில் கேட்பாராக. அந்த ஒரு கேள்வியாலேயே சில கடன்கள் வேண்டாமற் போகும். சிலர் விழாமலும் இருப்பர்.